கொலைகார முயலா, கொலைகார ஆடா?

மிருகங்கள் வெறிபிடித்து ஆளைக் கடிக்கும் அசட்டுப் பேய்ப்படம் பார்க்க ஆசை, ஆனால் 'நைட் ஆஃப் த லீபஸ்' (1972) போடுவதா 'பிளாக் ஷீப்' (2006) போடுவதா என்று குழம்புகிறவர்களுக்கு:

கதை: அரிசோனாவில் ஊசி போட்டுப் பூதாகரமான முயல்கள். நியூசிலாந்தில் மரபணு மாற்றிய ஆடுகள், கடிபட்டவனும் ஆடாகிவிடுவான்.

பயம்: முயலிடம் சுத்தமாக இல்லை. பொம்மை வீடுகளுக்கு நடுவே நிஜ முயல்களை ஓடவிட்டு ஸ்லோமோஷனில் எடுத்திருக்கிறார்கள், பாய்ந்து தாக்கும்போது மட்டும் முயல் வேஷம் போட்ட ஆள்; வாயோரம் சிவப்புச் சாயத்தோடு அது மூக்கைச் சுருக்கினால் தூக்கிக் கொஞ்சத்தான் தோன்றும். ஆடு வேறு ரகம். நியூசிலாந்தின் சினிமா எஃபெக்ட்ஸ் நிறுவனமான 'வீட்டா' பட்டறையின் கைவேலை, வயிற்றைப் புரட்டும்.

சிரிப்பு: ஜேனட் லீ உட்பட எல்லாரும் சீரியஸாக நடிப்பதுதான் முயல் படத்தின் காமெடியே. ஆடு தெரிந்தே சிரிக்க வைக்கிறது.

கூட்டமாக உட்கார்ந்து கலாய்க்க முயல். ரத்தம் தாங்குவீர்கள் என்றால் ஆடு, சாப்பிட்டுக்கொண்டே மட்டும் வேண்டாம்.