எருக்கு, ஆவாரை, கிலுகிலுப்பை, பாலைச்செடி: வண்ணத்துப்பூச்சிக்காக விதையிலிருந்து எதை வளர்ப்பது?

தமிழகத்தின் சமவெளியில் வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் வைத்திருப்பவர், இடுப்புயரத்துக்கு மேல் வளர்ந்து ஓராண்டைத் தாண்டியும் நிற்கக்கூடிய பூச்செடிகளை வண்ணத்துப்பூச்சிகளுக்காக விதையிட்டு வளர்க்க விரும்பினால், அவர் முன் நிற்கும் முதன்மையான தேர்வுகள் இந்த நான்கும்தான். தேன் மிகுந்த உண்ணிச்செடியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பியதால் முதுமலை, சத்தியமங்கலம் காடுகள் பட்டிருக்கும் பாட்டைப் பார்த்த பிறகு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பூவில் தேன் இருப்பது ஒன்று, இலை புழுவுக்கு உணவாவது வேறொன்று. பூ நிறைந்த தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட்டுப் பெருக வேண்டுமானால் அதற்குரிய இலை அங்கே இருந்தாக வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு ஆவாரையே நல்ல எடுத்துக்காட்டு. பொங்கலுக்குக் காப்புக்கட்டும் அந்த மஞ்சள் பூவில் தேனே கிடையாது. அதிர்ந்து மகரந்தத்தை உதிர்க்கத் தெரிந்த கருவண்டு போன்றவற்றுக்கு அந்தப் பூ மகரந்தத்தை மட்டுமே தருகிறது; வண்ணத்துப்பூச்சிக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் இளங்கொழுந்தில் வெளிர்பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. விதையின் தோல் கடினமானது என்பதால், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, சுடவைத்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, உப்பிய விதைகளை மட்டும் எடுத்து ஊன்ற வேண்டும். ஊறாத விதை மண்ணுக்குள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வேர்பிடித்த செடி வறட்சியைப் பொருட்படுத்தாது, பல ஆண்டுகள் நிற்கும்.

எருக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டருகே அது ஆகாது என்று பலர் வெட்டி எறிகிறார்கள். பிள்ளையாருக்கு மாலை கட்ட மட்டும் அதைத் தேடிப் போகிறோம். வெந்தய வரியன் என்னும் செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சி இதன் இலையில் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளுடன், உடலின் மேல் மூன்று இணைக் கறுத்த நீட்சிகளோடு காணப்படும் அதன் புழு, எருக்கம்பாலில் உள்ள நச்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. எருக்கம்பூவை நாடி வருபவை பெரும்பாலும் பெரிய கருவண்டுகள்தான். எனவே இதையும் தேனுக்காக அல்லாமல் இலைக்காகவே வளர்க்க வேண்டும். முற்றிய காய் வெடிக்கும் தறுவாயில் பறித்து, பஞ்சை நீக்கி விதைத்தால் எந்தப் பக்குவமும் இன்றி முளைக்கும். ஆணிவேர் வேகமாக ஆழம் போவதால், நான்கைந்து இலை விடுவதற்குள் நாற்றை இடம் மாற்றிவிட வேண்டும், அல்லது நிலையான இடத்திலேயே விதைத்துவிட வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும் என்பதால், சிறு குழந்தைகள் ஓடியாடும் முற்றத்தில் வேண்டாம். வேலியோரம் பொருத்தமான இடம்.

கிலுகிலுப்பையின் கதை வேறு. இதன் மொட்டையும் காயையும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் தின்னும் என்றாலும், இச்செடியின் உண்மையான ஈர்ப்பு அது வாடத் தொடங்கும்போதுதான் வெளிப்படுகிறது. காய்ந்த இலையிலும் காயிலும் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் கசப்பான நச்சுப்பொருள்களை நாடி, வரியன் இனத்தைச் சேர்ந்த ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து, இலையைக் காலால் கீறி அந்தச் சாற்றை உறிஞ்சுகின்றன. பெண்ணைக் கவரும் மணத்தையும் தற்காப்புக்கான கசப்பையும் அவை இதிலிருந்து பெறுகின்றன. ஆகவே காய்ந்துவிட்டது என்று இச்செடியைப் பிடுங்கிப்போடுவது பெருந்தவறு. விதைக்கு ஆவாரைக்குச் சொன்ன பக்குவமே போதும்; முதலாண்டிலேயே பூத்துவிடும். குறைகள் இரண்டு: ஓராண்டுக்குப் பிறகு பெரும்பாலும் நலிந்துபோவதால் இதைப் பல்லாண்டுச் செடி என்று அரைமனத்தோடுதான் சொல்ல முடியும், மேலும், கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இதில் உண்டு என்பதால் மாடு மேயும் இடத்தில் விதைக்கக் கூடாது.

செம்மஞ்சள் பூவுள்ள பாலைச்செடி, அதாவது அஸ்கிலெபியஸ் குராசவிகா, வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. தேன், புழுவுக்கான இலை இரண்டையும் ஒரே செடியில் தருவது இந்த நான்கில் இது மட்டுமே. விதை ஒரு வாரம், பத்து நாளில் முளைத்து, சில மாதங்களிலேயே பூக்கிறது, தொட்டியிலும் வளரும். மஞ்சள் அசுவினி தண்டில் அடைவது வழக்கம். அதற்கு வேப்பெண்ணெய் தெளித்தால் புழுவும் சேர்ந்து பாதிக்கப்படும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். இதன் விதையும் பஞ்சோடு பறப்பது என்பதால், காய் முற்றும்போது நூலால் கட்டிவைக்க வேண்டும். நம் மலைப்பகுதிகளில் இது ஏற்கெனவே காட்டுச்செடியாகப் பரவியிருப்பதால், அங்கே வசிப்பவர்கள் இதைத் தவிர்ப்பதே முறை.

மாடித் தொட்டி மட்டுமே உள்ளவருக்குப் பாலைச்செடியைத் தவிர வேறு வழியில்லை. நிலம் உள்ளவருக்கு என் முதல் தேர்வு, தயக்கமின்றி, எருக்கு: செலவில்லை, தண்ணீர் கேட்பதில்லை, இந்த மண்ணுக்கே உரியது, முட்டை முதல் சிறகு விரிவது வரை முழு வாழ்க்கையையும் தன் மேலேயே நடத்திக்காட்டுகிறது. அதனருகே ஆடியில் ஒரு பிடி கிலுகிலுப்பை விதையை ஊன்றிவிட்டு, தை மாதம் காய்கள் காய்ந்து குலுங்கும்போது செடியைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். ஆவாரைக்கு இடம் எஞ்சினால் வைக்கலாம். பூவில் வண்ணத்துப்பூச்சி அமரவில்லையே என்று ஏமாறாமல், கொழுந்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.