பிரிக்ஃபீல்ட்ஸ் குடியுரிமை உதவி முகாம்: ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பொது மண்டபத்தில், தன்னார்வலர்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை குடியுரிமை ஆவண உதவி முகாம் நடத்தி வருகிறார்கள். இப்போதே கூட்டம் தாங்கவில்லை என்பதால் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டுச் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமை எய்தியவர்கள், பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்லர் என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர், தத்தெடுத்த குழந்தைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் ஆகியோரே இங்கு வருகிறார்கள். கட்டணம் கிடையாது. நான் உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சென்றேன்.

விண்ணப்பப் பாரம் நிரப்புவதற்கு முன் அனைவரும் ஒரு விளக்க உரையைக் கேட்டே ஆக வேண்டும் என்பது இங்குள்ள விதி. அவசரமாக வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனினும் இந்த முகாமின் மதிப்பு பெரும்பகுதி அந்த உரையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கூட்டரசு அரசியலமைப்பின் மூன்றாம் பாகம், அதாவது 14 முதல் 31 வரையிலான பிரிவுகள், குடியுரிமையைப் பற்றியவை என்று தொடங்கி, 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை இம்மண்ணில் பிறந்ததே ஏறக்குறைய போதுமானதாக இருந்தது என்பதையும், அதன்பின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்ததையும் அவர் தெளிவாக விளக்கினார். அண்ணன் குடிமகன், தம்பி நாடற்றவர் என்று ஒரே வீட்டில் இருவேறு நிலை எப்படி வந்தது என்று பல ஆண்டுகளாகப் புரியாமல் இருந்த சிலர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

உரிமையைச் சொன்ன கையோடு கடமைக்கு வந்தார். இந்திய அரசியலமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை 51ஏ என்ற பிரிவாகச் சேர்த்தது. நம் அரசியலமைப்பில் அப்படித் தனி அத்தியாயம் எதுவும் இல்லை. அதன் முதல் அட்டவணையில் இருப்பது ஓர் உறுதிமொழி: பேரரசருக்கு உண்மையான விசுவாசம் காட்டுவேன், நேர்மையான குடிமகனாக இருப்பேன் என்பது அதன் சாரம். பதிவின் மூலமோ, நீண்டகாலம் இங்கு வசித்ததன் பேரில் கிடைக்கும் இயல்புரிமையின் மூலமோ குடியுரிமை பெறுவோர்தான் அதை எடுக்கிறார்கள். பிறப்பால் குடிமக்களான நம்மிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. துணைக்கு வந்திருந்த, குடிமக்களுக்கான நீல அட்டை வைத்திருப்பவர்களையும் அதைப் படித்துப் பார்க்கச் சொன்னார். இது எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு மாறாக, 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை அவர் பள்ளிச் சபைகூடலில் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுக் கடந்துவிட்டார். சட்டத்தின் ஆட்சி என்ற கோட்பாட்டுக்கு அந்த அறையிலேயே எத்தனையோ எடுத்துக்காட்டுகள் உட்கார்ந்திருந்தன, அவற்றைத் தொட்டிருக்கலாம்.

திருமணப் பதிவைப் பற்றிய பகுதிதான் உரையின் உச்சம். முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். நம் சமூகத்தில் இன்னும் பலர் ஐயர் முன்னிலையில் கட்டிய தாலியே எல்லாம் என்று இருந்துவிடுகிறார்கள். இருவரும் மலேசியர் என்றால் பிழைத்தார்கள். தந்தை மலேசியராகவும் தாய் வெளிநாட்டவராகவும் இருந்து, பதிவுக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டால் நிலைமை வேறு: அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தையின் விஷயத்தில் பெற்றோர் என்ற சொல்லைத் தாய் என்றே கொள்ளச் சொல்கிறது. குழந்தை கோலாலம்பூர் மருத்துவமனையில் பிறந்திருந்தாலும், தந்தையின் குடியுரிமை அதற்குச் சேராது. பிறகு பதிவு செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக அவர் ஒரு தீர்ப்பை எடுத்துச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு மலேசியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளையின் வழக்கில், பெற்றோர் பின்னர் மணம் செய்துகொண்டிருந்தும், பிறந்த நேரத்தில் மணமாகியிருக்கவில்லை என்பதால் கூட்டரசு நீதிமன்றம் 2021 மே மாதத்தில் 4-3 என்ற பெரும்பான்மையில் குடியுரிமையை மறுத்தது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் ஆகாது.

கடமை என்றால் நாட்டுக்காக உயிர் கொடுப்பது என்ற அளவில் பேசிப் பழகிய மேடைகளுக்கு நடுவே, குழந்தை பிறந்தால் தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பதியுங்கள், திருமணத்தைப் பதியுங்கள், வீடு மாறினால் 30 நாளுக்குள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றுங்கள் என்று சிறிய கடமைகளைச் சொல்லித் தரும் ஒரு மேடையைக் கண்டதே நிறைவாக இருந்தது. இந்தச் சிறு கடமைகளைத் தட்டிக் கழிப்பவர்களுக்கு அவற்றின் விலை தெரிவதில்லை. அந்த விலையைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள்தாம்.

அடுத்தது மேசைப் பணி. 15ஏ பிரிவின்கீழ் பிள்ளைகளுக்கான விண்ணப்பம், 19ஆவது பிரிவின்கீழ் இயல்புரிமைக்கான விண்ணப்பம் எனத் தனித்தனி மேசைகள் இருக்கின்றன. தன்னார்வலர்கள் பாரத்தைத் தாங்களே நிரப்பிக் கொடுத்துவிடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கேட்கப்படுகிறது என்பதைத் தமிழில் சொல்லி, எழுத முடிந்தவரை விண்ணப்பதாரரையே எழுத வைக்கிறார்கள். நேரம் பிடிக்கிறது, ஆனாலும் இதுவே சரியான முறை. ஏனெனில் பின்னால் பதிவுத் துறை முகப்பில் கேள்வி கேட்கும்போது தன்னார்வலர் பக்கத்தில் இருக்கமாட்டார். 15ஏ விண்ணப்பம் அரசாங்கத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது என்பதையும், ஒரு திருத்தம் நிறைவேறும் நாளும் அது நடைமுறைக்கு வரும் நாளும் வேறு என்பதையும் பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அழுத்திச் சொன்னார்கள். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்குத் தந்தையருக்கு நிகரான உரிமை வழங்கியதும் அதே திருத்தம்தான்.

இயல்புரிமைக்கு விண்ணப்பிப்போர் 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும், போதிய மலாய் அறிவும் வேண்டும். தோட்டத்து லயத்தில் வாழ்நாளைக் கழித்துத் தமிழைத் தவிர வேறொன்றும் பேசாத பாட்டிகளுக்கு அந்த இரண்டாவது நிபந்தனை மலை ஏறுவதற்குச் சமம். அவர்களுக்காக ஒரு மூலையில் மலாய்ப் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. கல்லூரி மாணவி ஒருவர் “பாட்டி, சந்தையில எப்படிப் பேசுவீங்களோ அப்படியே சொல்லுங்க” என்று கேட்டுக் கேட்டுப் பேச வைத்தார். இந்த மூலைக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குறைகளில் பெரியது அந்தரங்கம். பிறக்கும்போது பெற்றோர் மணமானவர்களா என்ற கேள்வியை, மேசைக்கு மேசை இரண்டு முழ இடைவெளி கூட இல்லாத திறந்த கூடத்தில், பின்வரிசையில் இருப்பவர் காதிலும் விழும்படி கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய பெண்ணின் அண்டை வீட்டுக்காரர் அதே வரிசையில் நிற்கக்கூடும். பொய் சொன்னால் விண்ணப்பமே கெடும். உண்மையைச் சொன்னால் ஊர் அறியும். மண்டபத்தின் பின்புறம் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து ஒரு மேசை போடுவதற்குப் பணம் தேவையில்லை.

மற்றொரு குறை, வாக்களிப்பதைப் பற்றி உரையில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை என்பது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார். தொகுதி அடையாள அட்டை முகவரியைப் பொறுத்தே அமைகிறது. சொந்த ஊரான தெலுக் இந்தானிலும் சுங்கைப் பட்டாணியிலும் முகவரியை வைத்துக்கொண்டு கோலாலம்பூரின் செந்தூலில் வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! பின்னாளில் முகவரியை மாற்றினாலும் தொகுதியை மாற்றத் தேர்தல் ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மேலும், கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் சட்டமன்றமும் இல்லை, நகர மேயரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலும் இல்லை. இங்குள்ள வாக்காளரிடம் இருப்பது நாடாளுமன்றத்துக்கான ஒரே ஒரு வாக்கு. சொந்த ஊரில் வாக்கை வைத்துக்கொண்டு, போகப் பேருந்து கிடைக்கவில்லை என்று அதை விடுபவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. நீல அட்டைக்காகப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்கள் நிறைந்த அந்தக் கூடத்தைவிட இதைச் சொல்லப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

செல்ல நினைப்போர், பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பள்ளி ஆவணங்கள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் நகல்களையும் கொண்டு செல்லவும். நகல் எடுக்கும் வசதி மண்டபத்தில் இல்லை. மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், காரில் போனால் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. நீதிமன்றம் வரை போக வேண்டிய சிக்கல் உள்ளவர்களுக்கு இம்முகாம் போதாது, வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். அதை முகாமினரே முதல் சந்திப்பில் சொல்லிவிடுகிறார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். அந்தப் பின்னறையைத் திறந்தால் நான்கரை ஆக்குவேன்.