ரெண்டு ஸ்டிங் ஃபிகர் வாங்குனேன்: க்ரோ அப்படியே இருக்கு, ஜோக்கர்தான் யோசிக்கணும்

ரொம்ப நாளா தேடிட்டிருந்த, ரெஸ்லிங் வீரர் ஸ்டிங்கோட ரெண்டு பொம்மை ஃபிகரும் ஒரே பார்சல்ல வந்துச்சு, ஒண்ணு கருப்பு கோட்டு போட்ட க்ரோ ஸ்டிங், இன்னொண்ணு உதட்டுச் சிவப்பு காது வரைக்கும் இழுபட்டுப் போய் சிரிக்கிற ஜோக்கர் ஸ்டிங். மூணு வாரமா ரெண்டையும் அலமாரில வச்சு, எடுத்து, கை கால மடக்கி, திரும்ப வச்சுப் பாத்துட்டுதான் எழுதுறேன். அவசரத்துல இருக்கவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், க்ரோ ஃபிகர கண்ண மூடிட்டு வாங்கலாம், ஜோக்கர் மட்டும் நல்லா யோசிச்சுட்டு வாங்குங்க.

க்ரோ பத்திதான் நிறைய சொல்லணும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியான உயரம், ஆனா கைல எடுத்ததும் நல்ல கனம் தெரியுது. மூஞ்சில வெள்ளை பெயின்ட் திட்டுத்திட்டா இல்லாம சீரா இருக்கு, கண்ணச் சுத்தி இருக்கற கருப்பு கூர்கூரா கன்னத்துல இறங்குது, எனக்கு வந்த பீஸ்ல இடது கண்ணுக்குக் கீழ அந்தக் கருப்பு ஒரு நூல் அளவு கோட்டைத் தாண்டிருக்கு, எனக்கு அது உறுத்தல, ஏன்னா ரிங்குல பாதி மேட்ச் போறதுக்குள்ள வேர்வைல அந்தப் பெயின்ட் எப்படியும் கலைஞ்சுதான் இருக்கும்.

இந்த ஃபிகரோட உயிரே கழுத்து ஜாயின்ட்தான். தாடைய நெஞ்சுகிட்ட கொண்டுவந்து, புருவத்துக்கு அடில இருந்து மேல பாக்குற மாதிரி வைக்கலாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஸ்டிங்க தெரிஞ்சவங்களுக்கு அதுல எவ்வளவு இருக்குன்னு புரியும்.

கதை தெரியாதவங்களுக்காக சொல்றேன். 1988 மார்ச்ல அப்போ சாம்பியனா இருந்த ரிக் ஃப்ளேர் கூட 45 நிமிஷம் மோதி ட்ரா பண்ணி பெரிய ஆளானவர் ஸ்டிங். அப்போ அவர் ஒட்ட வெட்டுன பொன்னிற முடியும், கண்ண பறிக்கிற கலர் பெயின்ட்டும், ஓயாத கத்தலுமா இருப்பார், கூட்டத்தப் பாத்து ஊளையிட்டுட்டே ஓடி வருவார். 1996 ஜூலைல ஹல்க் ஹோகன் வில்லனா மாறி என்டபிள்யூஓ கும்பல் வந்துச்சு. அவங்க ஸ்டிங் மாதிரியே ஒரு போலி ஆளை இறக்கிவிட, கூட இருந்த ஃப்ரெண்ட்ஸே நிஜ ஸ்டிங்கதான் சந்தேகப்பட்டாங்க. அதுல மனசு விட்டுப்போன மனுஷன் திரும்பி வந்தப்ப மூஞ்சி வெள்ளையும் கருப்புமா, உடம்ப மறைக்குற நீளக் கோட்டு. 1994ல வந்த தி க்ரோ படத்துல இருந்து எடுத்த வேஷம், ஐடியா குடுத்தது சக ரெஸ்லர் ஸ்காட் ஹால்னு ஸ்டிங்கே சொல்லிருக்கார். அப்போ அவருக்கு 37 வயசு, பேரும் புகழும் ஏற்கனவே இருந்துச்சு, அத்தனையும் கழட்டி வச்சுட்டு புதுசா ஆரம்பிக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

முக்கியமானது என்னன்னா, படத்துல இருந்து எடுத்தது தோற்றத்த மட்டும்தான். அந்தப் படத்து ஹீரோ நிறையவே பேசுவான், ஸ்டிங் வாயவே திறக்கல. ஒரு வருஷத்துக்கு மேல டிவில ஒரு மேட்ச் கூட ஆடாம, அரங்கத்தோட கூரைல நின்னு பாத்துட்டே இருந்தார், சில நாள் கயித்துல இறங்கி வந்தார். பேஸ்பால் பேட்ட எதிர்ல நிக்குறவன் கைல குடுத்துட்டு முதுகக் காட்டி நிப்பார், அடிக்கிறானா இல்லையான்னு பாக்க. அந்த முதுகுதான் எனக்கு இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. 1997 டிசம்பர் 28ல ஸ்டார்கேட்ங்கற பெரிய ஷோல ஹோகன் கூட மோதுற வரைக்கும் அந்த மௌனம்தான் மொத்தக் கதையையும் தூக்கி நிறுத்துச்சு (அந்த மேட்ச்சோட முடிவக் குழப்பி விட்டத நினைச்சா இன்னும் ஆத்திரமா வருது).

அதனாலதான் பொம்மையா இது இவ்வளவு பொருந்துது. அசையாம நிக்கிறதுதான் அந்த ஆளோட வேலை, பொம்மைக்கும் அதேதான். அலமாரியோட மேல்தட்டு ஓரத்துல நிக்க வச்சு, தலைய கொஞ்சம் குனிய வச்சு, வலது கைல பேட்டக் குடுத்துட்டேன், கீழ உக்காந்து நிமிந்து பாத்தா ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துருச்சு.

இப்ப ஜோக்கர். 2011ல, டிஎன்ஏ (TNA) ரெஸ்லிங் கம்பெனில இருந்தப்போ, 52 வயசுல ஸ்டிங் எடுத்த வேஷம் இது. 2008ல வந்த தி டார்க் நைட்ல ஹீத் லெட்ஜர் பண்ண ஜோக்கர்தான் அடிப்படை. இந்த வயசுல இது தேவையான்னு நிறைய பேர் கேட்டாங்க, நான் தேவைன்னுதான் சொல்வேன். க்ரோவ விட கடன் இதுல ஜாஸ்தி, பெயின்ட் மட்டும் இல்லாம சிரிப்பு, பேச்சு, நடை எல்லாமே எடுத்துட்டார், அத நான் ஒத்துக்குறேன். ஆனா ஒரு காலத்துல கல்லு மாதிரி நின்ன மனுஷன் திடீர்னு உளறி, குதிச்சு, எதிராளி மூஞ்சிக்கு நேரா சிரிச்சப்போ, இவருக்குள்ள இவ்வளவு இருந்துச்சான்னு வாயடைச்சுப் போனேன். அந்த வருஷம் அக்டோபர்ல ஹோகன தோக்கடிச்சதும் இந்த ஓட்டத்துலதான்.

சிக்கல் என்னன்னா, அந்த ஜோக்கர் முழுக்க முழுக்க அசைவு. நாக்க நீட்டுறது, கண்ண உருட்டுறது, ஒரு வாக்கியத்துக்குள்ளயே குரல் ஏறி இறங்குறது, இதெல்லாம் பிளாஸ்டிக்ல வராது. இந்த ஃபிகர்ல சிரிப்ப பாதில பிடிச்சு நிறுத்திட்டாங்க, பக்கத்துல இருந்து பாத்தா பல்லு வலில இருக்குற ஆள் மாதிரி இருக்கு. உதட்டுச் சிவப்பு இன்னும் கொஞ்சம் தேய்ச்ச மாதிரி இருந்திருக்கணும், ஸ்டென்சில் வச்சு அடிச்ச மாதிரி ஓரம் கூரா நிக்குது. இடுப்பு ஜாயின்ட்டும் லூசு, முன்னாடி கொஞ்சம் வளைச்சு நிறுத்துனா அஞ்சு நிமிஷத்துல சரிஞ்சுடுது. தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, ரெண்டு கையையும் நல்லா விரிச்சு வச்சா மட்டும் பரவால்ல, அப்ப ஏதோ சொல்ல வர்ற மாதிரி ஒரு சாயல் வருது. கலெக்‌ஷன் முழுசா வேணும்னு நினைக்கிறவங்க வாங்கலாம், ஒண்ணே ஒண்ணு போதும்னா இது வேண்டாம்.

பேக்கிங் பத்தி ஒரு வரி, டப்பா ஒரு மூலை நசுங்கிதான் வந்துச்சு, திறக்காம வச்சுக்குறவங்க விக்கிறவர்கிட்ட முன்னாடியே பேசிக்கோங்க.

எனக்கு அடுத்து வேணும்கிறது அந்தப் பழைய கலர் பெயின்ட் ஸ்டிங். 2024 மார்ச் 3ல, 65 வயசு ஆக பதினேழு நாள்தான் இருந்தப்போ, கடைசி மேட்ச் ஆடுனார்ல, அன்னைக்கு அவரோட பசங்க ரெண்டு பேர் அப்பாவோட பழைய வேஷங்கள்ல வந்து நின்னாங்க, ஒருத்தர் அந்தக் கலர் பெயின்ட்ல, இன்னொருத்தர் சிவப்பு பெயின்ட்ல. அதப் பாத்ததுல இருந்து க்ரோ பக்கத்துல ஒரு இடத்த காலியாவே விட்டு வச்சிருக்கேன்.

க்ரோ வாங்குறவங்களுக்கு ஒண்ணு, கோட்டக் கழட்டணும்னா முதல்ல ரெண்டு கை முஷ்டியையும் மணிக்கட்டோட உருவி எடுத்துடுங்க, அப்படியே இழுத்தா தோள்பட்டை தையல்ல பிரிஞ்சுடும், என்னோடதுல ரெண்டு தையல் ஏற்கனவே விட்டுருச்சு.