திருவிழாக் கடைச் சொப்பா, சென்னபட்டணத்துப் பொம்மையா?

பல் முளைக்கும் குழந்தைக்கு எல்லாமே வாய்க்குள்தான். திருவிழாவில் வாங்கிய மரச் சொப்பில் எங்கள் பாப்பா கடித்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் செதிலாக உரிந்து வந்தது. பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈய குரோமேட் என்ற நச்சு நிறமியைச் சேர்ப்பது பழைய வழக்கம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கர்நாடகத்தில் மரப் பொம்மைகளுக்குப் பேர்போன சென்னபட்டணத்தில், பாரம்பரிய முறையில் பெயிண்டே கிடையாது. வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அப்புறம் தாழை ஓலையால் மெருகு. விலை கூடத்தான், ஆனால் என் ஓட்டு இதற்கே.

ஒன்று: 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் சென்னபட்டணப் பொம்மைகளைப் போல ஊர்ப் பெயரோடு புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கு, அதில் பதிவான தயாரிப்பாளர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லாவிட்டால், அரக்கில் கலந்தது மஞ்சள்தூளா, வேறு சாயமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.