இரும்புக்கை யாருக்கு? துருவுக்கா, மணிகண்டனுக்கா?

ஏப்ரல் 15 பிறந்ததும் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. 61 நாள் தடைக்காலம். வலை தைப்பவர்கள் தைப்பார்கள், படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பவர்கள் அடிப்பார்கள். மிச்ச நேரம் முழுக்கப் பேச்சுதான். ராமேஸ்வரம் தீவில், எங்கள் தங்கச்சிமடத்தில் அந்தப் பேச்சுக்குத் தோதான இடம் என் கடை வாசல். படகு வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பது என் தொழில். ஒரு பெஞ்சு, ஒரு ஃபேன், ஒட்டினாற்போல டீக்கடை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தத் தடைக்காலத்துச் சண்டை இதுதான்: இரும்புக்கை மாயாவி காமிக்ஸைப் படமாக எடுத்தால் இன்றைய இளம் நடிகர்களில் யாரைப் போடுவது? லோகேஷ் கனகராஜ் அந்தப் பெயரில் படம் எடுக்கும் ஆசையைப் பேட்டிகளில் சொன்ன நாளிலிருந்தே புகைந்த விஷயம். போன வருடம் நாங்களே ஒரு பொடிப்படம் எடுத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதால், இப்போது பற்றி எரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிகண்டன். துருவ் விக்ரம் கோஷ்டி என் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினாலும் பரவாயில்லை.

கவின், ஹரீஷ் கல்யாண், பிரதீப் ரங்கநாதன் மூன்று பேருக்கும் ஆள் இருந்தது. முதல் வாரத்திலேயே உதிர்ந்துவிட்டார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவர்களுக்காகக் கத்தியவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மிஞ்சியது இரண்டு பேர்.

அழகு, உயரம், சண்டைக்குத் தோதான உடம்பு எல்லாம் துருவுக்கு. இதில் விவாதமே இல்லை. வயதும் அவர் பக்கம்தான். இந்த மாதிரி வேஷம் ஒரு படத்தோடு முடியாது, பத்து வருஷம் ஓட வேண்டும். 2015இல் டாம் ஹாலண்டை ஸ்பைடர்மேனுக்கு எடுத்தபோது அவருக்கு 19 வயது. சின்ன வயதிலேயே லண்டன் நாடக மேடையில் நடனமாடி உடம்பை வளைத்து வைத்திருந்தவர். மணிகண்டன் துருவுக்கு மூத்தவர். மூன்றாம் பாகம் வரும்போது என்ன ஆகும் என்று துருவ் கோஷ்டி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடிதடி நாயகனாக மணிகண்டனை நான் பார்த்ததும் இல்லை. அந்தத் தட்டில் என் எடைக்கல் கொஞ்சம் லேசுதான்.

ஆனால் இவர்கள் யாருமே கதையை ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

இரும்புக்கை மாயாவி யார்? 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்த ஆள். பெயர் லூயிஸ் கிராண்டல். ஒரு கை போய், அந்த இடத்தில் எஃகுக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் முழுதாக மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவன்தான். எங்கள் மாமா வைத்திருந்த பழைய இதழ்களில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரம் தீவையே மூழ்கடித்த அந்த ஒருநாள் மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். வயர்லெஸ் செட்டுகளைக் கழற்றிக் காய வைத்த கையோடு அந்த இதழ்களையும் கொடியில் தொங்கவிட்டேன். பார்த்த பையன்கள் கேட்டார்கள், சொன்னேன், படித்தார்கள். பொடிப்படம் வந்தது அப்படித்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த நாயகன் தன் சக்தியைக் காட்டும்போதெல்லாம் திரையில் இருக்கமாட்டான். முகம் இல்லை, தோள் இல்லை, ஆறு மடிப்பு வயிறு இல்லை. ஒரு கை, அப்புறம் ஒரு குரல். காமிக்ஸில் பேச்சுக் குமிழியின் வால் வெறும் காற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றுக்குக் குரல் கொடுத்தது படித்த நாம். சினிமாவில் அதை ஒரு நடிகன் கொடுத்தாக வேண்டும்.

மற்ற முகமூடி நாயகர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். அயர்ன் மேனில் தலைக்கவசத்துக்குள்ளேயே கேமராவை வைத்து ராபர்ட் டௌனி முகத்தைக் காட்டினார்கள். 2004 ஸ்பைடர்மேன் படத்தின் ரயில் காட்சியில் டோபி மக்வயர் முகமூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் ரயிலை நிறுத்துவார். பேட்மேனுக்குத் தாடையாவது தெரியும். மாயாவிக்குக் கழற்றிப் போட முகமூடியே கிடையாது.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். போன தடைக்காலத்தில் எங்கள் படத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஐஸ் பிளாண்டில் ஐஸ் பார் தூக்குகிறவன், மாலையில் ஜிம். சட்டையைக் கழற்றினால் தெருவே நின்று பார்க்கும். இன்னொருவன் ஒல்லி. கபடிப் போட்டிக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் பிடிக்கிறவன். நான் யோசிக்கவே இல்லை, ஐஸ்காரனை எடுத்தேன்.

முதல் சோதனை கையிலேயே வந்தது. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை வாங்கி, படகுக்கு அடிக்கிற அலுமினியப் பெயிண்டை இரண்டு கோட் அடித்துக் காய வைத்திருந்தோம். அவன் முன்னங்கை உள்ளே போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி ஏற்றினோம். விரலை மடக்கினால் கணுவுக்குக் கணு பெயிண்ட் வெடித்துச் செதில் செதிலாக உதிரும், ஒவ்வொரு டேக்குக்கும் டச்சப். அதையும் தாண்டி, நேரில் தெரிகிற காட்சிகளில் பையன் ஜொலித்தான் என்பதை மறைக்க மாட்டேன். குந்துகால் பக்கம் தூரத்தில் புதுப் பாம்பன் பாலத்தை வைத்து, அவன் கையை உயர்த்துகிற ஷாட் ஒன்று. இன்றைக்கும் பாதிப் பேர் வாட்ஸ்அப் முகப்பில் அதுதான் இருக்கிறது.

மாயமாகிற காட்சிக்குக் கையுறைக்குள் பஞ்சை அடைத்து, தங்கூசி நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டி எடுத்தோம். கை மட்டும் மிதந்து வந்து கள்ளக்கடத்தல்காரன் கழுத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தது. "இந்தக் கடல்ல உனக்கு இடமில்ல" என்ற வசனம் ஐஸ்காரன் குரலில் வந்தது. தெருவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டியபோது, அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். சிரித்தார்கள். ஒரு அத்தை எழுந்து, "என்னடா, ஐஸ் கடன் கேக்குற மாதிரி கேக்குறான்?" என்றார். அந்த உடம்பு பக்கத்தில் நின்றபோது அதே குரல் எங்களுக்கு மிரட்டலாகத்தான் கேட்டது. உடம்பை எடுத்துவிட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் மைக் பையனைக் கூப்பிட்டு, என் கடையிலேயே ஃபேனை நிறுத்திவிட்டுக் குரலை மாற்றினோம். அவன் கத்தவில்லை. மெதுவாக, மூச்சு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். அடுத்த வாரம் அதே தெரு, அதே வேட்டி, ஒரு சத்தம் இல்லை.

எங்கள் ஊருக்கு இது புதுசும் இல்லை. ராத்திரி நடுக்கடலில் ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியுமா? வயர்லெஸ்ஸில் வருகிற கரகரப்பில், பேர் சொல்வதற்கு முன்பே "அது நம்ம அண்ணன்" என்று சொல்லிவிடுவார்கள். செட்டைப் பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது "சத்தம் நல்லா வருதா" என்று யாரும் கேட்பதில்லை. "ஆள் தெரியுதா"ன்னுதான் கேட்பார்கள். இன்ஜின் நின்றுபோனவன் "ஒண்ணுமில்லப்பா, சும்மா நிக்கிறோம்" என்று சொன்னாலும், அவன் குரலை வைத்தே படகைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இங்கே உண்டு.

அந்தத் தராசில்தான் மணிகண்டனை நிறுத்துகிறேன். மிமிக்ரி மேடையிலிருந்து வந்தவர். விக்ரம் வேதாவுக்கு வசனம் எழுதியவர், அதனால் ஒரு வாக்கியத்தில் எங்கே நிறுத்தினால் எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர். ஜெய்பீமில் ராசாக்கண்ணுவாக அடி வாங்குகிற காட்சிகளில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன், பார்க்கத் தெம்பில்லாமல். அந்த முனகலிலேயே ஆள் முழுதாக நிற்கிறார். அதே மனிதர் குட் நைட்டில் குறட்டையை வைத்து ஒரு படத்தையே ஓட்டினார். தூங்குகிற ஆளின் சத்தத்தைக் கேட்டு நாம் சிரிக்கவும் வேண்டும், பாவம் என்றும் நினைக்க வேண்டும். லவ்வரில் அவர் "சரி" என்று சொல்வதைக் கேட்டாலே அடுத்து சண்டை வரப்போகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. மாயாவி ஆரம்பத்திலேயே நல்லவன் கிடையாது. சக்தி கிடைத்ததும் புத்தி கெட்டுக் குற்றவாளியாக அலைந்து, அப்புறம்தான் நிழல் படை என்ற உளவுக் குழுவுக்கு வருவான். அந்தத் திருப்பம் முகத்தில் தெரிய வழியில்லாத இடங்களில் குரலில்தான் தெரிய வேண்டும்.

துருவ் கோஷ்டி லேசுப்பட்டது அல்ல. பாம்பன் தம்பி ஒருவன், கபடிக்காரன், அவன் எடுத்து வைத்த வாதம் என்னை ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை.

"அண்ணே, பைசன் பாத்தீங்கள்ல? கபடியில பாடிப் போறவனுக்கு என்னண்ணே ஆயுதம்? நீட்டுற கை, விடாத மூச்சு. கையும் குரலும்தான மாயாவின்னீங்க? அப்ப துருவ்தானே?"

உண்மைதான். மாரி செல்வராஜ் படத்தில் துருவின் கைகள் பேசும். தொட்டுவிட்டுத் திரும்புகிற அந்த விரல் நுனிக்காகவே இரண்டாம் தடவை பார்த்தேன். அந்தரத்தில் மிதக்கிற கைக்கு ஆள் தேடினால் துருவைத்தான் சொல்வேன், சந்தேகமில்லை. மகானில் அப்பாவுக்கு எதிரே நின்று முறைத்தபோது குரலிலும் ஒரு கத்தி இருந்தது. வீட்டிலேயே பள்ளிக்கூடமும் இருக்கிறது. அப்பா விக்ரம் நாயகனாக நிலைக்கும் முன் அமராவதியில் அஜித்துக்கும், காதலனில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர். அந்நியனில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு ஆளாகப் பேசியவர். அந்த ரத்தத்தில் குரல் இருக்காதா என்று கேட்டால், இருக்கலாம். ஆனால் துருவ் இதுவரை செய்ததில் முகத்தைக் கழித்துவிட்டுக் கேட்டு, இது துருவ் என்று நான் சட்டென்று கண்டுகொண்ட இடம் ஒன்றோ இரண்டோதான். நாலைந்து படம்தானே ஆகியிருக்கிறது, இன்னும் ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் நானே கட்சி மாறியிருக்கக் கூடும்.

சமரசக்காரர்களும் இல்லாமல் இல்லை. துருவ் உடம்பு, மணிகண்டன் குரல், முடிந்தது கதை என்கிறார்கள். ஸ்டார் வார்ஸில் டார்த் வேடர் உடைக்குள் நின்றவர் டேவிட் ப்ரௌஸ் என்ற பளுதூக்கும் வீரர், பேசியவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். உலகமே ஏற்றுக்கொண்டதே? ஏற்றுக்கொண்டது. ஆனால் வேடர் எந்நேரமும் கவசத்துக்குள் இருப்பவர், ஒட்டு தெரியாது. மாயாவி ஐந்து நிமிஷம் தெரிவான், ஐந்து நிமிஷம் மறைவான். தெரியும்போது ஒரு குரல், மறைந்தால் ஒரு குரல் என்று வைக்க முடியாது. முழுப் படத்துக்கும் இரவல் குரல் என்றால் அந்த நடிகன் சம்மதிக்க வேண்டுமே? எங்கள் ஐஸ்காரனே சம்மதிக்கவில்லை. குரலை மாற்றியது தெரிந்ததிலிருந்து ஆறு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் "என்ன டைரக்டர்" என்பான், அவ்வளவுதான்.

மணிகண்டனுக்கு உடம்பு ஏற்ற வேண்டும், சண்டை பழக வேண்டும், கையை எஃகு மாதிரி கனமாகப் பிடித்து நடக்கவும் பழக வேண்டும். அதற்கெல்லாம் மாஸ்டர் இருக்கிறார்கள், ஆறு மாதம் கொடுத்தால் ஓரளவு வந்துவிடும். பாய்ந்து விழுகிற இடங்களுக்கு டூப் போடலாம், அது நமக்குப் பழகியதுதான். ஆள் இல்லாத இடத்தில் ஆளை நிறுத்துகிற குரலை ஆறு மாதத்தில் யார் சொல்லிக்கொடுப்பது?

நேற்று கணக்கெடுத்தபோது பெஞ்சில் துருவுக்கு ஒன்பது, மணிகண்டனுக்கு ஆறு. டீக்கடைக்காரரையும் சேர்த்தால் ஏழு, ஆனால் அவர் யார் அதிகம் டீ சொல்கிறார்களோ அந்தப் பக்கம்.

ஜூன் 14 ராத்திரியோடு தடைக்காலம் முடிகிறது. அதற்குள் எங்கள் படத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்துவிடலாம் என்று பையன்கள் துடிக்கிறார்கள். மைக் பையன் தயார், புது அலுமினியப் பெயிண்ட் கடையில் இருக்கிறது. கையுறை மட்டும் ஐஸ்காரன் வீட்டில். போன வாரம் ஆள் விட்டுக் கேட்டேன். "குரலும் நான்தான்னா தாரேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.