லீவில் ஊருக்குப் போய்த் தைராய்டு ஸ்கேன்: கவுன்ட்டரை விட்டு நகரும் முன்

மதுரையிலோ திருச்சியிலோ காலையில் ஸ்கேன் சென்டருக்குப் போனால் பெரும்பாலும் அன்றைக்கே ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் லண்டனிலோ டொரன்டோவிலோ உள்ள டாக்டருக்கும் பயன்பட வேண்டுமே, அங்கேதான் இடிக்கிறது.

ஸ்கேனுக்கு முன்பே ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் தைராய்டில் உள்ள கட்டியே ஹார்மோனைச் சுரக்கிறதா என்று ஐசோடோப் ஸ்கேனில் (சிறிதளவு கதிரியக்க மருந்து கொடுத்து எடுப்பது) பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை (ஊசியால் செல்களை எடுத்துப் புற்றா என்று பார்ப்பது) அநேகமாகத் தேவைப்படாது. முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருவார். ஸ்கேனுக்கு நாம்தான் போக வேண்டும். வெறும் வயிறு வேண்டாம். தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்காரவும் வேண்டாம், அது வயிற்று ஸ்கேனுக்கு. செயின், தாலிக்கொடி கழுத்தில் இடிக்கும், ஒதுக்கிக்கொள்ளுங்கள். தோளுக்கடியில் தலையணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்வார்கள்; கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி ரிப்போர்ட். "வலது பக்கம் 12 மி.மீ. கட்டி, டைராட்ஸ் 4" என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் அது போதாது. டைராட்ஸ் என்பது ஸ்கேனில் கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று தரம் பிரிக்கும் எண். எந்த டைராட்ஸ்? 2017இல் வந்த அமெரிக்க ஏசிஆர் (ரேடியாலஜி டாக்டர்கள் அமைப்பு) முறையும் அதே ஆண்டில் வந்த ஐரோப்பிய முறையும் ஒரே எண்ணுக்கு ஒரே பொருள் தருவதில்லை. ஏசிஆர் கணக்கு ஐந்து விஷயங்களுக்கு மார்க் போடுகிறது: உள்ளே திடமா நீரா, எவ்வளவு கருமை, அகலத்தைவிட உயரம் கூடுதலா, ஓரம் எப்படி, வெள்ளைப் புள்ளிகள் உண்டா. திடமான கட்டிக்கு 2, சுற்றியுள்ள தைராய்டைவிடக் கருப்பாக இருந்தால் இன்னொரு 2. மொத்தம் 4, அதாவது டைராட்ஸ் 4 (சுருக்கமாக டிஆர்4). அளவு 12 மி.மீ. என்றால் ஊசி வேண்டாம், கண்காணிப்பு போதும். ஊசிக்கு 15 மி.மீ. ஆக வேண்டும். அதே கட்டிக்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் 3 கூடி 7 ஆகிறது: டிஆர்5, 10 மி.மீ. இருந்தாலே ஊசி. புள்ளி உண்டா இல்லையா என்ற ஒரு சொல் விடுபட்டால் முடிவே மாறிவிடும். வால்முளைத்தது போல நிழல் இழுக்கும் பெரிய புள்ளிக்கு மார்க் கிடையாது, அது பெரும்பாலும் கொலாய்டு, தைராய்டில் இயல்பாக உள்ள கூழ்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. அங்கே யூ1 முதல் யூ5 வரை என்று தரம் பிரிக்கிறார்கள். யூ3இலிருந்தே ஊசி. புள்ளி இல்லாத, திடமான கருப்புக் கட்டி அங்கே யூ4. ஊரில் "பார்த்துக்கொள்ளலாம்" என்றதை அங்கே குத்திப் பார்க்கச் சொல்வார்கள். யாரும் தப்புச் செய்யவில்லை, அளவுகோல்தான் வேறு.

அளவை மூன்று திசையிலும் எழுதச் சொல்லுங்கள். வளர்ச்சி என்று சொல்ல குறைந்தது இரண்டு திசையில் 20 சதவீதமும் 2 மி.மீ.யும் கூடியிருக்க வேண்டும். வேறு மெஷினில், வேறு கையில் 12 மி.மீ. 13 ஆனதற்குத் தூக்கம் கெட வேண்டாம். கழுத்து நெறிகட்டிகளைப் பார்த்தார்களா என்பதும் ரிப்போர்ட்டில் வர வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது அதுதான்.

ஊசி தேவையென்றால் பயணத்தின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஊசிதான், இரண்டு மூன்று முறை குத்துவார்கள். அந்த நேரத்தில் எச்சில் விழுங்கக் கூடாது. ஊசி ரிப்போர்ட்டைத் தரம் பிரிக்கும் முறைக்குப் பெதஸ்டா என்று பெயர். பெதஸ்டா 1 என்று வந்தால் செல்கள் போதவில்லை என்று பொருள், "ஒன்றுமில்லை" என்று அல்ல. திரும்பக் குத்த வேண்டும். விமானத்துக்கு முந்தைய நாள் இது தெரிந்தால் சிரமம். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிலிமில் அச்சடித்துத் தரும் நாலைந்து படங்களை வைத்து வெளிநாட்டு டாக்டரால் மறுபடி அளக்க முடியாது. டைகாம் வடிவில் (ஸ்கேன் மெஷினின் அசல் டிஜிட்டல் ஃபைல்) படங்களைக் கேளுங்கள், ஊசியில் எடுத்த செல்களின் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்குங்கள். சிடியில் தந்தால் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். காலியான சிடியும் உறைக்குள் வருவதுண்டு.