நார்வே மீன்பிடிப் பயணம்: 1,450 யூரோ போய்விட்டது, நீங்களாவது கவனமாக இருங்கள்

கோபம் அடங்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. எங்களை ஏமாற்றிய அந்தப் போலி வாடகை விளம்பரம் இந்த நிமிடம்வரை அப்படியே இருக்கிறது, அடுத்த ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஜெர்மனியில் இருக்கும் நாங்கள் நான்கு பேர், ஜூலையில் வடக்கு நார்வேயின் சென்யா தீவுக்குப் போய் ஒரு வாரம் தூண்டில் போடத் திட்டமிட்டோம். விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு இணையதளத்தில் கடலோரக் குடில், படகு, உறைபெட்டி எல்லாம் சேர்த்து 1,450 யூரோ என்று போட்டிருந்தது.

கேள்வி கேட்காமல் ஒன்றும் பணம் அனுப்பவில்லை. நார்வேயில் கடலில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் பிடித்த மீனை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக, அந்நாட்டு மீன்வளத் துறையில் பதிவான மீன்பிடி முகாமில், அதாவது தூண்டில் போட வருபவர்களுக்குக் குடிலும் படகும் தரும் இடத்தில், தங்கியதற்கான சான்று வேண்டும். விளம்பரம் போட்டவனிடம் அதைக் கேட்டேன். பத்து நிமிடத்தில் முகாமின் பெயரும் பதிவு விவரமும் வந்தன. துறையின் பட்டியலில் தேடினேன், இருந்தது! அப்புறம் படகு. 1980இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, 25 குதிரைத்திறனைத் தாண்டிய படகை ஓட்ட உரிமம் வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த ஆள், "உரிமம் இல்லையென்றால் 20 குதிரைத்திறன் படகு தருகிறேன். 84 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹாலிபட் என்ற தட்டைமீன் மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுங்கள்" என்று எழுதினான். இவ்வளவு விவரம் தெரிந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த இடத்தில்தான் நம்பினோம்.

"தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேரே வங்கிக்கு அனுப்புங்கள், யூரோ கணக்கு இருக்கிறது" என்றான். 1,450 யூரோவும் போனது. அடுத்த நாளிலிருந்து பதில் இல்லை.

சாவி விவரம் கேட்டு முகாமுக்கே போன் செய்தோம். எடுத்த பெண்மணிக்கு எங்கள் பெயரே தெரியவில்லை. அந்த வாரம் எப்போதோ நிரம்பிவிட்டதாம். முகாம் உண்மை, பதிவும் உண்மை, அவர்கள் பெயரை எவனோ திருடியிருக்கிறான். பாவம், அவர்களுக்கும் இது அன்றுதான் தெரிந்தது.

இணையதளத்தாரிடம் கேட்டால், "வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." சரி, விளம்பரத்தையாவது எடுங்கள் என்றால், "பரிசீலனையில் உள்ளது." வங்கியோ, "நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை" என்று கைகழுவிவிட்டது. போலீசில் புகார் எண் தந்தார்கள், அவ்வளவுதான். அங்கே போக ட்ரோம்சோ நகருக்கு எடுத்த விமான டிக்கெட்டுக்கும் பணம் திரும்பாது, அது 1,450க்கு மேல் தனி.

போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, முகாமின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நார்வே முகாமின் கணக்கு எண் வேறு நாட்டுக் குறியீட்டில் தொடங்கினால் அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே ஒரு சென்ட்கூடக் கட்டாதீர்கள். சிவப்புக் குடில், முன்னால் மஞ்சள் மிதவை தொங்கும் படகுத்துறை, படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கொடிக்கம்பம்: இந்தப் படத்தோடு விளம்பரம் கண்ணில் பட்டால் உடனே புகார் செய்யுங்கள்.